அவள் பெயர் வெட்டிய தட்டு

நான் தினமும் சாப்பிடும் எவர்சில்வர் தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. அது என் பெயர் அல்ல.

ஆறாம் வகுப்பு முடிந்த கோடையில் தரங்கம்பாடியில் மாணவிகளுக்கு முகாம் நடந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் தெருவிலிருந்து நான் மட்டும் தேர்வானேன். தட்டும் தம்ளரும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அம்மா நடவு வேலைக்குப் போகும் மிராசுதாரர் வீட்டில் ஒரு கல்யாணத்தின்போது அவளுக்குக் கொடுத்த தட்டு பரணில் இருந்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதில் மிராசுதாரர் பெயர் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவள் நான்தான்; அவசரத்தில் நானும் பார்க்கவில்லை.

முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி அந்தப் பெயரைப் பார்த்துவிட்டாள். "ஊரான் வீட்டுத் தட்டைத் தூக்கிட்டு வந்துட்டாடி! எல்லாரும் அவங்கவங்க தட்டைப் பத்திரமா வச்சுக்குங்க!" வரிசையே சிரித்தது. அதன்பின் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கடற்கரையில் விளையாடவும் சேர்க்கவில்லை. அம்மா அவ்வளவு ஆசையாகத் தேய்த்த தட்டை நான் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் கும்பகோணத்துக்காரி ஒருத்தி வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் அப்பா பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர். "இந்தா, என்னுதுல சாப்பிடு. ஒன்னுத எங்கப்பாகிட்ட குடுத்து, பழசை அழிச்சிட்டு ஒம்பேர வெட்டிக் கொண்டாரேன். அடுத்த வருஷம் மாத்திக்குவோம்."

"இப்ப நீதான் திருடியாடி?" என்று, முதல் நாள் கேலி செய்தவள் என் தட்டோடு இருந்த அவளைக் கேட்டாள்.

"ஆமா, நாளைக்கு ஒன் தட்டுதான்!"

இம்முறை வரிசை அவளோடு சேர்ந்து சிரித்தது. அன்று மாலை அலையில் கைகோத்து நின்ற பெண்களுக்கு நடுவே எனக்கும் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் அவள் கை.

அடுத்த கோடையில் முகாம் வாசலில் தட்டோடு காத்திருந்தேன். கும்பகோணம் பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் போய்விட்டாள் என்று டீச்சர் சொன்னார். அன்று நான் கடலுக்குப் போகவில்லை.

வங்கியில் வேலை கிடைத்த பிறகுதான் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போகத் துணிவு வந்தது. கடையில் அவள் அப்பா, தட்டிலிருந்த பெயரைத் தடவிப் பார்த்தார். அவர் வெட்டிய எழுத்து. வீட்டுக்கு அழைத்துப்போனார். அலமாரியில் என் தட்டு இருந்தது. பழைய பெயர் இருந்த இடத்தில் என் பெயர்.

"ஊருக்கு வந்த அன்னிக்கே வெட்டச் சொல்லி நின்னாம்மா," என்றார்.

அவள் தட்டை நீட்டினேன். அவள் அம்மா வாங்கவில்லை.

"நீயே வச்சுக்க தாயி. அவ பேருல தினம் ஒருத்தி சாப்பிடுறான்னு இருக்கட்டும். ஒந்தட்டுல நான் சாப்பிட்டுக்கிறேன்."

இன்றும் கை கழுவும் முன் அவள் தட்டை நானே கழுவி வைக்கிறேன். அந்த விளிம்பில் மட்டும் நார் போடுவதில்லை. விரலால்தான் தேய்க்கிறேன்.