அலைநாச்சிக்கு ஐம்பத்தேழு ஓட்டு

பஷீராக்காவுக்குக் கடல் என்றால் பயம். கீழக்கரையில் பிறந்து அந்தமானில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இப்படியொரு பயமா என்று எல்லோரும் சிரிப்பார்கள். கல்யாணமான கையோடு ஐம்பத்தாறாம் வருஷம் மெட்ராஸில் கப்பலேறியவள், நாலு நாளும் வாந்தியெடுத்து, போர்ட் பிளேரில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கத்தான் இறங்கினாளாம். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் மெயின்லேண்ட் பக்கமே போகவில்லை. தம்பி கல்யாணத்துக்குக்கூட, "போட்டோ எடுத்து அனுப்பு" என்று எழுதிவிட்டாள்.

அவள் புருஷன் ஹபீப் முகம்மது, போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் நீராவி கிரேன் ஓட்டுகிறவர். நான் தபாலாபீஸ் கிளார்க். தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி அறுபத்தாறில் வந்தேன். ஹேடோ குவார்ட்டர்ஸில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றுவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும்: கப்பல் வந்துவிட்டது, அக்கா 'பொற்சிறகு' படிக்கிறாள்.

'பொற்சிறகு' மெட்ராஸிலிருந்து வந்த மாதாந்திரச் சித்திரக்கதைப் புத்தகம். அதில் நாயகன் இரும்புமார்பன். குண்டு பட்டாலும் சாகமாட்டான், மலையைத் தோளால் தள்ளுவான். ஆனால் அவனுக்கு நீந்தத் தெரியாது. எதிரிகள் அவனைக் கடலில் தள்ளும்போதெல்லாம் அலைநாச்சி என்று ஒருத்தி வருவாள். அலைமேல் நடந்து வந்து, அவனைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். மொத்தம் நாலு கட்டம். கடைசிப் பக்கத்தில் ராஜா இரும்புமார்பனுக்கு மாலை போடுவார்.

"இதென்ன நியாயம், நீலா?" என்று அக்கா என்னிடம் புத்தகத்தை நீட்டுவாள். "காப்பாத்தினவ பேரு எங்கயாவது இருக்கா பாரு. அவ எங்கேருந்து வர்றா, எங்க தூங்குறா, அவளுக்கு உம்மா வாப்பா உண்டா, ஒண்ணும் சொல்லமாட்டேங்குறான்."

"பிள்ளைங்க படிக்கிற புஸ்தகத்துக்கு இவ்வளவு கோபமா?" என்பார் ஹபீப் அண்ணன்.

"நீங்க பேசாம இருங்க மச்சான். எனக்குத்தான் கடல்னா பயம். பயப்படாத ஒருத்தி எனக்கு வேணும்ல."

குவார்ட்டர்ஸ் தெருக்குழாயில் காலையில் தண்ணீர் வரும்வரை நாங்கள் குடங்களோடு காத்திருப்போம். அங்கே அக்கா கதை சொல்வாள். பெங்காலி, தெலுங்கு, மலையாளப் பெண்கள் எல்லோருக்கும் பொதுவாக எங்கள் தீவு ஹிந்தியில் சொல்வாள். இரும்புமார்பன் வரும் பக்கங்களை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அலைநாச்சியின் நாலு கட்டத்தை நாற்பது கட்டமாக நீட்டுவாள். தண்ணீர் வந்த பிறகும் "ஃபிர் க்யா ஹுவா, பாபி? அப்புறம் என்ன ஆச்சு, அண்ணி?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பெண்கள் அலைநாச்சிக்கு 'லஹர்வாலி', அதாவது அலைக்காரி, என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அக்கா ஆசிரியருக்கு ஏழு கடிதம் எழுதியிருக்கிறாள். எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை: அலைநாச்சிக்குத் தனித் தொடர் வேண்டும். ஏழையும் நான்தான் முத்திரை குத்தி அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அறுபத்தெட்டு பிப்ரவரி இதழில் ஓர் அறிவிப்பு வந்தது. 'எங்கள் துணை நாயகர்களில் ஒருவருக்கு மே மாதம் முதல் தனித் தொடர். இருட்டுவேங்கை, கல்தேகன், அலைநாச்சி: மூவரில் யார்? கூப்பனை வெட்டி அனுப்புங்கள். பிப்ரவரி இருபதுக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரவேண்டும்.'

அந்த இதழ் ஒன்றாம் தேதி மெட்ராஸில் கடைக்கு வந்துவிட்டது. எங்களுக்கு வந்தது பதினாறாம் தேதி. கப்பல் பழுது பார்க்க நின்றுவிட்டதாம். அதே கப்பல் பத்தொன்பதாம் தேதி மதியம் திரும்பிப் புறப்படும். மெட்ராஸ் போய்ச் சேர இருபத்திரண்டு ஆகிவிடும்.

அக்கா அன்றைக்கு மதியமே தபாலாபீஸ் கவுண்டரில் வந்து நின்றாள். கையில் இதழ். முகம் சிவந்திருந்தது.

"நீலா, இந்த அட்டையப் படி."

அட்டையின் அடியில் விலை போட்டிருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், 'அந்தமானுக்கு விலை தனி.'

"விலை போடும்போது அந்தமான் ஞாபகம் இருக்கு. ஓட்டு எண்ணும்போது மட்டும் மறந்துபோச்சா? தந்தி அடிக்கணும். இங்கிலீஷ்ல எழுதிக் கொடு."

நான் எழுதினேன். 'அலைநாச்சி தேர்தலுக்கு அந்தமான் வாசகர்களின் ஓட்டுகள் பத்தொன்பதாம் தேதிக் கப்பலில் வருகின்றன. விலை போடும்போது எங்களை நினைத்தீர்கள். எண்ணும்போதும் நினையுங்கள். காத்திருக்கவும்.' அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவு, இல்லையென்றால் பிரசவம். எங்கள் சூப்பிரண்டு திருநாவுக்கரசு சார் படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"யாரும்மா இந்த அலைநாச்சி? உங்க சொந்தமா?"

"ஆமா சார். சொந்தம்தான்" என்றாள் அக்கா.

அவர் கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து அக்கா ஜங்லிகாட்டில் உதுமான் கடைக்குப் போனாள். 'பொற்சிறகு' கட்டு அவர் கடைக்குத்தான் வரும். யார் யார் வாங்கினார்கள் என்று அவரிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டாள். இரண்டு நாள் தையல் மிஷின் மூடியே கிடந்தது. முடிவெட்டுகிற கடை, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, மர ஆலை, எல்லா இடத்துக்கும் கத்தரிக்கோலோடு நடந்தாள். கூப்பனை வெட்டி, அவரவர் கையாலேயே பெயரும் ஓட்டும் எழுதி வாங்கினாள். ஒரு போலீஸ்காரர் மட்டும் புத்தகத்தை வெட்டக்கூடாது என்று முரண்டு பிடித்தார். அவருக்குத் தன் பழைய இதழ் இரண்டை ஈடாகக் கொடுத்துவிட்டு, அவருடையதில் வெட்டிக்கொண்டாள்.

பதினெட்டாம் தேதி மாலை போர்ட் பிளேர் கூப்பன்கள் நாற்பத்தாறு சேர்ந்துவிட்டன. எண்ணிப் பார்த்தபோது நான் ஒன்றைத் தனியாக எடுத்தேன். உதுமான் அண்ணனுடையது. இருட்டுவேங்கைக்குப் போட்டிருந்தார்.

"அக்கா, இத மட்டும் விட்டுடலாமா?"

அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி மற்றவற்றோடு வைத்தாள். "நம்ம ஓட்டை எண்ணாம விட்டுடக்கூடாதுன்னுதான தந்தி அடிச்சோம்? அப்புறம் உதுமான் காக்கா ஓட்டை நாமளே தின்னா எப்படி? போகட்டும்."

குழாயடிப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களிடம் கூப்பன் கிடையாது, தமிழ் படிக்கவும் தெரியாது. "நாங்களும் லஹர்வாலிக்கு எழுதறோம்" என்று வந்துவிட்டார்கள். ஒரு நோட்டுத் தாளில் பெங்காலி, தெலுங்கு, மலையாளம், ஹிந்தி என்று அவரவர் எழுத்தில் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். மொத்தம் நூற்று இருபத்து மூன்று பேர்.

பாக்கி இருந்தது, வடக்கே படகில் போகவேண்டிய ரங்கத் ஊர். உதுமான் கடையிலிருந்து பன்னிரண்டு பிரதி மாதாமாதம் படகில் ரங்கத்துக்குப் போய், அங்கே குழந்தைவேலு என்பவரின் டீக்கடையில் விற்கும். பதினேழாம் தேதிப் படகில் இதழோடு அக்காவின் கடிதமும் போயிருந்தது. பதில் வரவேண்டிய படகு பதினெட்டாம் தேதி ராத்திரி வரவில்லை. பத்தொன்பதாம் தேதி காலையிலும் வரவில்லை.

பத்து மணிக்கு மெயில் பையை மூடவேண்டும். நாற்பத்தாறு கூப்பனும் கையெழுத்துத் தாளும் இருந்த உறையை நானே உள்ளே போட்டேன். பத்து மணி அடித்தது. அரக்கு வைத்தேன். சட்டத்துக்கு மேல் என்னால் ஒரு நிமிஷம்கூடக் கொடுக்க முடியவில்லை. அக்கா படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

பதினொன்றேகாலுக்குப் படகு வந்தது. படகுக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். உள்ளே பன்னிரண்டு கூப்பன்கள், கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'பன்னிரண்டும் அவளுக்குத்தான். இஞ்சின் மக்கர் பண்ணுது, கோவிக்க வேண்டாம். குழந்தைவேலு.'

கப்பலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அக்கா ஹேடோவரை ஓடினாள். கப்பல் பக்கமே எட்டிப் பார்க்காதவள், அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த ஏணிப்படியில் பாதிவரை ஏறிவிட்டாள். கீழே கடல் தளும்பிக்கொண்டிருந்தது. மேலே லீவில் ஊருக்குப் போகிற பொதுப்பணித்துறை ஓவர்சியர் பன்னீர்செல்வம் நின்றிருந்தார். அக்கா அவர் மனைவிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள்.

"அண்ணே! இத மெட்ராஸ்ல நேரா 'பொற்சிறகு' ஆபீஸ்ல கொடுத்துடுங்க. போஸ்ட்ல போடாதீங்க!"

"என்னம்மா இது, மருந்தா?"

"ஓட்டு அண்ணே, ஓட்டு!"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் டப்பாவை வாங்கிக்கொண்டார். இறங்கி வந்த பிறகுதான் அக்கா தான் எங்கே ஏறினோம் என்பதையே பார்த்தாள். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பத்து நிமிஷம் மூச்சு வாங்கினாள். கிரேனிலிருந்து இறங்கி வந்த ஹபீப் அண்ணன் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "ஏணியில ஏறினியே" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் மாதக் கப்பலில் பன்னீர்செல்வத்தின் கடிதம் வந்தது. அக்கா என்னைத்தான் படிக்கச் சொன்னாள்.

'சகோதரிக்கு எழுதியது. இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் டப்பாவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மாடிப்படி, இரண்டு அறை. ஆசிரியர் மேஜையில் உங்கள் தந்தி கண்ணாடிக்கு அடியில் இருந்தது. காத்திருந்தார்கள் அம்மா. மெயிலில் வந்த உறை அரைமணி முன்னால்தான் வந்ததாம், என் எதிரிலேயே பிரித்தார்கள். அதுவரை இருட்டுவேங்கை நாற்பத்தொன்பது ஓட்டு முன்னால் நின்றான். உங்கள் உறையில் நாற்பத்தைந்து உங்களவளுக்கு, ஒன்று அவனுக்கு. உதவி ஆசிரியர், அஞ்சு ஓட்டில் போச்சே சார் என்றார். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.'

நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, "ஏழு!" என்று கத்தினேன். "அக்கா, ஏழு ஓட்டுல ஜெயிச்சுட்டா!"

அக்கா தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குழாயடிக்கே சேதி போய்விட்டது. குடங்களைப் போட்டுவிட்டுப் பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெலுங்குக்கார இந்திராணி ஒரு தகர வாளியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டாள். கடிதத்தின் மிச்சத்தை அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் படித்தேன். கையெழுத்துத் தாளை ஓட்டில் சேர்க்கமுடியாது, ஆனால் இத்தனை மொழிக்காரர்கள் எப்படி இதைப் படித்தார்கள் என்று ஆசிரியர் கேட்டாராம். 'ஒரு அம்மா தண்ணீர் பிடிக்கும்போது சொல்வார்கள், என் மனைவி சொல்லித் தெரியும் என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.'

மே மாதக் கப்பல் பத்தாம் தேதி வந்தது. ஜங்லிகாட் கடைக்குக் கட்டு போகும்வரை யாருக்கும் பொறுமை இல்லை. உதுமான் அண்ணனே துறைமுகத்துக்கு வந்துவிட்டார். குழாயடிக் கூட்டம் முழுக்க வந்திருந்தது. லாரி ஓரமாக அக்கா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹபீப் அண்ணன் மேலே கிரேனில். கப்பல் வயிற்றிலிருந்து கட்டுகள் நிறைந்த வலை எழும்பி, தண்ணீருக்கு மேலே சுற்றி, கரையில் வந்து இறங்கியது. இறங்கியதும் அவர் கிரேனின் ஊதலை இழுத்துப் பிடித்தார். ஹேடோவே காதைப் பொத்திக்கொண்டது. மேஸ்திரி கத்தினார், அண்ணன் விடவில்லை.

உதுமான் அண்ணன் அங்கேயே கயிற்றை அறுத்து முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தார். "நான் போட்டது வேற ஆளுக்கு. ஆனா புத்தகம் ஒனக்குத்தான் முதல்ல" என்றார்.

அட்டை முழுக்க அலைநாச்சி. ஓர் அலையின் உச்சியில் நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புமார்பன் எந்த மூலையிலும் இல்லை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: 'அந்தமான் வாசகர்களுக்கும், அவர்களுக்குக் கதை சொன்ன திருமதி பஷீரா ஹபீப் அவர்களுக்கும்.' அதற்குக் கீழே அந்த நூற்று இருபத்து மூன்று கையெழுத்தும், பெருவிரல் ரேகைகளோடு, அப்படியே அச்சாகியிருந்தன. ஒவ்வொருத்தியும் தன்னுடையது எங்கே என்று விரல் வைத்துத் தேடினாள்.

"பாபி, படி!" என்றார்கள்.

அக்கா அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவில் நின்று, அவர்களுக்குப் புரிகிற ஹிந்தியில் படிக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவள் எதையும் நீட்டவேண்டியிருக்கவில்லை.