ஜீப்பை இழுத்த தேர் வடம்

போன மாதம் எங்கள் அலுவலக விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். ஆள் கனம், குரலும் கனம், பொருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். கயிறு விறைத்ததுதான் தாமதம், நடுவர் மைதானத்தில் இல்லை. ஓடிப்போய் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு விசில் ஊதினேன். எந்தக் கட்சி ஜெயித்தது என்று கேட்டார்கள். மரம் மறைத்துவிட்டது என்றேன். ஐம்பதை நெருங்குகிறவன் சொல்லக்கூடிய பதிலா அது? இப்போது என் பெயர் வேப்பமரம் சார். இருந்துவிட்டுப் போகட்டும். விறைத்த கயிறு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் என் பெரியப்பா. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் மேல் எனக்குள்ள கோபம் மட்டும் காலமாகவில்லை.

யுத்தம் முடிந்து, ராணுவம் தனக்கு வேண்டாததையெல்லாம் ஏலத்தில் தள்ளிக்கொண்டிருந்த சமயம். மயிலாப்பூரில் வக்கீலாக இருந்த பெரியப்பா ஒரு ஜீப்பை எடுத்தார். "பர்மா சேத்துல ஓடின வண்டிடா. நம்மூர் மணல் இதை என்ன பண்ணிடும்?" என்று மாடவீதிக்கே கேட்கும்படி சொல்வார். வண்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆனபின், கொல்லைக் கொட்டகையிலிருந்து ஒரு தேர் வடத்தை எடுத்துப் பின்னால் போட்டார். கோவில் தேருக்குப் புது வடம் வந்தபோது, பழையதில் ஒரு துண்டைப் பிரசாதமாகக் கேட்டு வாங்கி வந்திருந்தார். என் தொடைக் கனம் இருக்கும். ஓடு ஒழுகும் மூலையில் மழைக்கு மழை நனைந்துகொண்டு கிடந்தது. "சுவாமியையே இழுத்த வடம். வண்டி எங்கேயாவது மாட்டிண்டா இதை விட என்ன வேணும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் மொத்தமும் புளியோதரைத் தூக்கோடு அடையாற்றுக் கடற்கரைக்குக் கிளம்பியது. ஊரூர்க் குப்பத்தைத் தாண்டி அலையோரமாகப் பெரியப்பா ஓட்டினார். பர்மா ஞாபகம் வண்டிக்கும் வந்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் வயிறு வரை மணலில் உட்கார்ந்துவிட்டது. அவர் விடாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்து, மிச்சம் இருந்த பாதியையும் புதைத்தார். கடல் ஏறிக்கொண்டிருந்தது. முதல் அலை டயரைத் தொட்டபோதுதான் அவர் முகம் மாறியது.

அப்பா ரோட்டுக்கு ஓடி, சவுக்குக் கட்டை ஏற்றும் லாரிக்கார பாய் ஒருவரை அழைத்து வந்தார். அவரிடம் கொக்கி போட்ட சங்கிலி இருந்தது, ஆனால் நீளம் போதவில்லை. வேடிக்கை பார்த்த குப்பத்துக்காரர் ஒருவர் தோளில் இருந்த புது வலைக்கயிற்றைக் கீழே போட்டார்.

"புச்சு நைனா. பெரிய வலை இஸ்க்கறது. எட்த்துக்கோ, அப்பால குட்த்துடு."

பெரியப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார். மீன் நாற்றம் வண்டியை விட்டுப் போகாதாம். வடம் வெளியே வந்தது. அதன் ஒரு முனையை லாரியில் கட்டி, மறுமுனையில் சங்கிலியைக் கோத்து, சங்கிலியின் கொக்கியை ஜீப்பின் மூக்கில் மாட்டினார்கள்.

"இன்னா சாமி, கயிறா இது, யானை வாலா?" என்றார் பாய். "உங்க வண்டி, உங்க கயிறு. நமக்கு இன்னா."

அம்மா அந்த வடத்தின் பக்கத்தில் குனிந்திருந்தாள். புரியைக் கையால் திருகிப் பிரித்தாள். உள்ளேயிருந்து பொடி கொட்டியது. தினம் கிணற்றில் இறைக்கிறவளுக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் அம்மா பெரியப்பாவோடு பேசக் கூடாது. தம்பி பெண்டாட்டி மூத்த மைத்துனர் எதிரில் வாய் திறக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர் கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள், நான் அப்பாவிடம் சொல்வேன், அப்பா அண்ணாவிடம் சொல்வார். கடற்கரையில் கதவு ஏது? இருந்தது.

"உள்ள பூரா மக்கிப் போயிருக்கு. அறுந்துடும்னு அப்பாட்ட ஓடிப்போய்ச் சொல்லுடா."

நான் ஓடினேன். அப்பா அண்ணாவிடம் போனார். "அண்ணா, வடம் கொஞ்சம் பழசோன்னு ஆத்துல ஒரு அபிப்பிராயம்."

அப்பா பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர். இழுவிசையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். அண்ணா எதிரில் அவருடைய பௌதிகம் செல்லுபடியாகாது, அவ்வளவுதான்.

"பழசுன்னா என்னடா? நானும்தான் பழசு. அறுந்தா போயிட்டேன்?" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அம்மா மறுபடி என்னை விரட்டினாள். அந்தக் குப்பத்துக் கயிற்றைக் கட்டச் சொல்லு, மாட்டேன்னா எல்லாரையும் தூரப் போகச் சொல்லு. அது அப்பா வாயில், "சித்த தள்ளி நிக்கலாமோ அண்ணா?" என்று ஆனது.

"தள்ளி நின்னுண்டா, மணலை யார்டா வாருவா?"

லாரி உறுமியது. வடம் மணலை விட்டு எழும்பி விறைத்தது. அதிலிருந்து பழைய குங்குமம் உதிர்ந்தது. அப்பா ஜீப்பின் முன்சக்கரத்தடியில் மணலை வாரிக்கொண்டிருந்தார். நான் அவரை ஒட்டி நின்றேன்.

"அறுந்துடும்! நகருங்கோ! எல்லாரும் நகருங்கோ!"

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து ஒரு கை என்னை இழுத்து எறிந்தது. அது அம்மாவின் கை என்பதே விழுந்த பிறகுதான் தெரிந்தது. அப்பா நிமிர்ந்தார். நகரவில்லை. வடத்தைக்கூடப் பார்க்கவில்லை. தன் மனைவி கத்தியது அண்ணா காதில் விழுந்துவிட்டதா என்று அண்ணாவின் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கு ஆன நேரம் போதும். வடம் லாரிப் பக்கம் அறுந்தது. சங்கிலி மிச்ச வடத்தோடு திரும்பிப் பறந்து வந்து அவருடைய முழங்காலில் இறங்கியது.

ஜீப்பை அப்புறம் குப்பத்துக் கயிறுதான் இழுத்துப் போட்டது. அப்போது யாருக்கும் மீன் நாறவில்லை. அப்பா சவுக்குக் கட்டைகள் மேல் படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. ரிட்டயர் ஆகும் வரை நின்றுகொண்டேதான் பௌதிகம் நடத்தினார். தரையில் இலை போட்டு எல்லோரும் உட்காரும்போது அவர் மட்டும் முக்காலியில்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு என் கோபம் அம்மா மேல். அத்தனை பேர் எதிரில் கத்தி மானத்தை வாங்கிவிட்டாள் என்று பாதி. கத்தத் தெரிந்தவள் முதலிலேயே கத்தித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மீதி. அந்தக் கத்தலுக்கு அவள் வீட்டில் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது, எத்தனை நாள் பெரியம்மா அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. ஒன்றும் புரியவில்லை. தூது போன எனக்கே, அவள் முன்கூட்டிச் சொன்னாள் என்பது மறந்துவிட்டிருந்தது.

அப்பா வீடு திரும்பியதும் பெரியப்பா பார்க்க வந்தார். அம்மா காப்பியை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் நிதானமாக ஆற்றிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரிடா. ஆனா பொம்மனாட்டி அப்படிக் கத்தலாமோ? முறையா, உன் மூலமா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

அப்பா கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "ஆமாண்ணா" என்றார்.