அசையாத பெருவிரல்

மகளின் கைப்பையில் ஓர் அட்டை இருக்கிறது. இந்த நோயாளிக்கு சக்சமெத்தோனியம் என்ற மருந்தை ஏற்றக் கூடாது என்று மயக்க மருந்து டொக்டர் தன் கையால் எழுதிக் கொடுத்தது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மருந்தை நினைத்து அல்ல.

குடல்வால் வெடித்த நிலையில் மகளைச் சாம்பல்தீவிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில்தான் அந்த டொக்டரைக் கண்டேன். மெலிந்த, அவசரப்படாத பெண்மணி. கட்டிலோரம் நின்று சிறுநீரகம், ஈரல், குடிக்கும் குளிசைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தசையைத் தளர்த்தும் மருந்துகள் எல்லா உடம்பிலும் ஒரே அளவு நேரம் நிற்பதில்லை, உடம்பு குளிர்ந்தால்கூடச் சிலது நீண்டுவிடும் என்றார். கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது ஒப்பரேசனுக்குப் பிறகு மூச்சு வரப் பிந்தியதா என்று கேட்டார்.

என் தம்பிக்குப் பிந்தியது. பதினெட்டு வயதில் ஒரு பகல் முழுவதும் மூச்சு மெஷினில் கிடந்தான். வெளியே தெரிந்தால் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் சரிவராது என்று எங்களைப் பெற்ற ஐயா எங்கள் வாயைக் கட்டிவிட்டார். இப்போது கட்டிலின் மறுபக்கம் சுடுதண்ணிப் போத்தலோடு என் மச்சாள், கணவரின் அக்கா, நின்றார். அவருடைய மூத்த மகனுக்குத்தான் என் மகளைப் பேசியிருந்தோம். நான் மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "அப்பிடி ஒருத்தருக்கும் இல்லை, டொக்டர்."

ஒப்பரேசன் முடிந்தது. சில நிமிடங்களில் பிடி விட வேண்டிய அந்தத் தளர்த்தும் மருந்து விடவில்லை; மகளுக்குத் தானாக மூச்சு வரவில்லை. டொக்டர் வெளியே வந்து அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். தம்பியின் கதையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மச்சாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் உது நடந்தது. மூத்தவனைச் சிசேரியன் பண்ணி எடுக்கேக்க."

மருந்தை உடைக்கும் சத்து மகளின் இரத்தத்தில் சரியாக இல்லை, அந்தக் குறை இரண்டு பக்கத்தாலும் வந்திருக்கும் என்றார் டொக்டர். ஏசவில்லை. "ரெண்டு பேரும் காலமை சொல்லியிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

என்னை உள்ளே விட்டார்கள். மெஷின் மகளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் ஒட்டிய வயர்களில் டொக்டர் சின்னதாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். மருந்து விட்டிருந்தால் பெருவிரல் துள்ள வேண்டும். அது செத்த விரல்போலக் கிடந்தது. "அவ நித்திரையில இருக்கிறா, பயப்பிடாதேங்கோ. நீங்கள் விரலைப் பாருங்கோ" என்றார். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து கட்டி, சாமான் இறக்கத் தொடங்கும்வரை பார்த்தேன். பிறகு விரல் ஒரு நூலளவு அசைந்தது.

போன கிழமை மச்சாள் கலியாண நாள் பேச வந்தார். மேசையில் கிடந்த அட்டையைப் பேப்பருக்கடியில் தள்ளினார். "இதை ஏன் பிள்ளை வெளியில வச்சிருக்கிறாய்? என்ரை சின்னவளுக்கும் இடம் பாக்கிறம்." அவருடைய மகனுக்கே அதுவரை ஒன்றும் தெரியாது. நான் தேத்தண்ணி ஊற்றினேன். அவ்வளவு நடந்த பிறகும் சீனி போதுமா என்றுதான் கேட்டேன்.

மகள் பேப்பரை விலக்கி அட்டையை எடுத்தாள். போனில் படம் பிடித்தாள்.

"மாமி, உங்கடை மகனுக்குத்தான் அனுப்புறன். அவரும் தங்கச்சியும் ரத்தம் சோதிக்கட்டும்."

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் மகளின் பெருவிரலைப் பார்த்தேன். அது ஒரு கணமும் தயங்காமல் அழுத்தியது.