தங்கச்சிமடத்தில் ஓர் அரபிப் பாடம்

காலை ஏழு மணி, பரமக்குடி பேருந்து நிலையம். ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எனக்குக் கிடைத்தது.

"தங்கச்சிமடம் ஒண்ணு."

"கோயிலுக்குப் போகலையாக்கா?" என்றார் கண்டக்டர்.

"அரபி சொல்லிக்குடுக்கப் போறேன்."

நெற்றிப் பொட்டையும் தலையில் இருந்த மல்லிகையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்தார்.

நான் குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் சமையல் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்தது அடுப்படி அரபி. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ரோஸி, ராமநாதபுரம் ஜவுளிக்கடையில் என்னோடு வேலைக்கு நின்றவள். அவள் கணவர் சூசைக்கு பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்கு விசா வந்திருக்கிறது. படகு முதலாளி இன்று மதியம் போனில் பேசுவாராம். அரபியில் நாள், நேரம் சொன்னால் புரிகிற ஆளா என்று பார்க்க வேண்டுமாம்.

ராமநாதபுரத்திலிருந்து தங்கச்சிமடம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லோரும் எழுந்து கடலை எட்டிப் பார்த்தார்கள். எத்தனையோ தடவை வந்தவள்தான், நானும் எழுந்தேன். இதில் என்ன வெட்கம்?

பத்து மணி. சர்ச்சில் பூசை முடிந்து ரோஸியும் சூசையும் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். ரோஸிக்கு ஏழாம் மாதம். மீன் கழுவும் சாக்கில் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள்.

"பிள்ள பொறந்ததும் போங்கன்னு நான் சொன்னா, கையில இருக்க விசா வேற ஆளுக்குப் போயிரும்க்கா. மூணு வருசமா காத்துக் கெடந்தாக. 'ரெண்டு மாசங் கழிச்சு'ங்கிற சொல்ல மட்டும் சொல்லிக் குடுத்திருங்க. சொல்றதும் சொல்லாததும் அவுக இஷ்டம்."

சரி என்று தலையை ஆட்டினேன்.

பாடம் வாசல் வேப்பமரத்தடியில் நடந்தது. அல்ஹீன், இப்போது. இல்யோம், இன்று. பாச்சர், நாளை. அம்ஸ், நேற்று. சூசை ஒவ்வொன்றையும் வாய்க்குள் மென்று பார்த்துவிட்டுத்தான் சொன்னார். கிழமைகளுக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"திங்க, புதன், சனி மட்டும் சொல்லுங்கக்கா. மத்த நாளு எதுக்கு?"

இங்கே விசைப்படகு கடலுக்குப் போவது அந்த மூன்று நாட்கள்தான். அங்கே எந்த நாளும் போகச் சொல்லலாம் என்றேன்.

"ஞாயித்துக்கெழமயுமா?"

"அங்கன வெள்ளிக்கிழமைதான் லீவு."

மணலில் விரலால் ஏழு கோடு கிழித்தார். பிறகு ஏழு நாளையும் சொல்லச் சொன்னார். கடைசியாக நான், "பஅத் ஷஹ்ரேன். ரெண்டு மாசங் கழிச்சு" என்றேன்.

"இது எதுக்கு?"

"தெரிஞ்சு வச்சுக்கங்க."

அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல்லை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு மணி. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். கனத்த குரல், ஆனால் கோபக்காரக் குரல் இல்லை. இன்று என்ன கிழமை, நாளை என்ன கிழமை என்று கேட்டது. சூசை தடுமாறாமல் சொன்னார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"மத்தா தஜீ?"

எப்போது வருகிறாய் என்று நான் வாயசைத்தேன். 'அல்ஹீன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை உறுதி. சூசை என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் கைவைத்து நிலைப்படியில் நின்ற ரோஸியைப் பார்த்தார்.

"பஅத் ஷஹ்ரேன்."

நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"லேஷ்?" என்றது குரல். ஏன் என்று அர்த்தம். நான் அதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் சூசைக்குப் புரிந்துவிட்டது.

"வீட்டுல... பேபி," என்றார்.

போனுக்குள் அவர் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. பிறகு சிரிப்பு. "மப்ரூக்! பஅத் ஷஹ்ரேன், ஸேன்."

"வாழ்த்துச் சொல்றார். ரெண்டு மாசங் கழிச்சே வரச் சொல்லிட்டார்," என்றேன்.

ரோஸி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆறுது, வாங்க," என்றாள்.

நாலு மணி. இருவரும் பஸ் ஏற்றிவிட வந்தார்கள். இரண்டு பொதி பாரை மீன் கட்டிக் கொடுத்தார் சூசை. "போயிட்டு வாரேன்" என்றபோது ரோஸி என் கையை விடவே இல்லை. கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் விட்டாள்.

குவைத்தில் ஆறு வருஷமும் இந்தச் சொற்களைக் கேட்டிருக்கிறேன். எல்லாமே எனக்கு வந்த உத்தரவுகள். அல்ஹீன் துணி துவை. பாச்சர் விருந்து. நான் விமானம் ஏறியபோது என் மகளுக்கு எட்டு மாதம். கொஞ்சம் பொறுத்து வருகிறேன் என்று அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. இன்று ஒருவர் கேட்டார், கிடைத்தது. பொறாமையாக இருந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது.

உச்சிப்புளி தாண்டும்போது மகள் கூப்பிட்டாள். கல்லூரியில் படிக்கிறாள்.

"எப்பம்மா வருவ?"

"ஏழு மணிக்குள்ள வந்துருவேன். கொழம்பு வைக்காத, மீன் கொண்டு வாரேன்."

"சரி, உனக்காக உக்காந்திருக்கேன்," என்றாள்.