ஒரே சஹனில் நாலு லைன்மேன்

அமெரிக்காவின் டப்ளின் ஊரில் எங்கள் தெருவிலேயே கரண்ட் போனதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் நானாகத்தான் இருந்திருப்பேன். எனக்கு ஒன்பது வயது. ஹோம்வொர்க் எல்லாம் லேப்டாப்பில். லேப்டாப்பில் சார்ஜ் இல்லையென்றால் டீச்சர்தான் என்ன செய்ய முடியும்? மழையோடு அடித்த பேய்க்காற்றில் எங்கள் வீட்டுத் தோட்டத்து மூலையில் நின்ற மின்கம்பம் சாய்ந்து வேலிமேல் படுத்துவிட்டது. தெரு முழுக்க இருட்டு. கம்பம் எங்கள் வீட்டுக் கம்பம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

உம்மாவின் கவலை ஃப்ரீசரைப் பற்றியது. அந்த வாரம்தான் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஹலால் கடையில் முழு ஆடு வாங்கிப் பங்கு போட்டு அடைத்து வைத்திருந்தார். வாப்பாவின் கவலை வேறு. அவர் போய் வந்த கம்பெனி சான்டா கிளாராவில் இருந்தது, ஆனால் அவர் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. நடுவில் ஒரு கன்சல்டிங் கம்பெனி, அதன் கான்ட்ராக்டில் போய் உட்கார்ந்திருப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய பெரிய ப்ராஜெக்ட் ஒன்று ஓடத் தொடங்குகிறது, அந்த நேரத்தில் அவர் ஆன்லைனில் இருந்தே ஆகவேண்டும். ஆபீஸுக்குப் போகலாமே என்றால், வார இறுதியில் கான்ட்ராக்ட் ஆட்களின் கார்டுக்கு அங்கே கதவு திறக்காது. மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது. அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தால் நீட்டிப்பார்கள்.

"ரினியூ பண்ணலைன்னா?" என்று உம்மா கேட்டார்.

"பண்ணுவாங்க. கரண்ட் மட்டும் வரட்டும்" என்றார் வாப்பா. விசா, வீடு, என் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கரண்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தேன், அந்த வயது அப்படி.

சனிக்கிழமை காலையில் லாரிகள் வந்தன. தெருவின் ஒரு முனையில் நீல லாரிகள், மறு முனையில் வெள்ளை லாரிகள். இரண்டு பக்கத்தாரும் ஒரே மாதிரி ஹெல்மெட், ஒரே மாதிரி பூட்ஸ், ஒரே மாதிரி சேறு. ஆனால் சும்மா ஒரு ஹலோகூட இல்லை! வெள்ளை லாரிக்காரர்கள் எங்கள் தோட்டத்துக்குள் வந்தால் நீல லாரிக்காரர்கள் வெளியே போய்க் காபி குடித்தார்கள். இவர்கள் போனால் அவர்கள் வந்து எதையோ அளந்தார்கள். கம்பம் மட்டும் படுத்தபடியே கிடந்தது. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வேலியோரம் நின்ற எனக்கு இது ஏதோ விளையாட்டு என்றே தோன்றியது. விதி மட்டும் புரியவில்லை.

வெள்ளை லாரிக்காரர்களில் ஒல்லியான ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டேன். நாங்கள் டெக்சாஸ்காரர்கள், புயல் அடிக்கிற ஊருக்கெல்லாம் கான்ட்ராக்டில் போவோம், எங்களுக்கு யூனியன் கிடையாது, நீல லாரிக்காரர்கள் உள்ளூர் யூனியன் ஆட்கள், நாங்கள் இருக்கிற கம்பத்தில் கை வைக்கமாட்டார்கள் என்றார். உங்கள் கரண்ட் வேறு அவர்கள் கரண்ட் வேறா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முன்பல் விழுந்த தன் மகளின் போட்டோவைப் போனில் காட்டினார். என் வாயையும் திறந்து காட்டினேன்.

இந்தச் செய்தியெல்லாம் நான் வீட்டில் வந்து கொட்டியதும் உம்மாவுக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். "பாவம், மழையில நிக்கிறாங்க. இங்க கறி உருகிக்கிட்டு இருக்கு. எல்லாரையும் சாப்பிட வரச்சொல்லுங்க." கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து பிரியாணிக்கு வெங்காயம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. அங்கே விருந்து என்றால் சஹனில்தான். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்துக் கறியை நடுவில் வைத்தால், சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அந்த ஒரே தட்டிலிருந்து சாப்பிடவேண்டும். நாலு பேர் சேராமல் சஹனில் கை வைக்கக்கூடாது. அமெரிக்காவுக்கும் உம்மா பெட்டியில் சஹன் வந்தது. அதை வாப்பா கராஜில் விரிப்பின்மேல் வைத்தார்.

முதலில் வந்தது உள்ளூர் ஃபோர்மேன். செந்தாடி, மலை மாதிரி ஆள். கூட ஒரு கூட்டாளி. பசியில் இருவரும் கையை நீட்ட, வாப்பா பதறிப்போய், கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று நிறுத்திவிட்டுத் தெருவுக்கு ஓடினார். போன மனுஷன் யாரைக் கூட்டிவர வேண்டும்? ஒல்லி டெக்சாஸ்காரரையும் அவர் தோழரையும் தோளில் கை போட்டு அழைத்துவந்து, எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, நாலு பேர் சேர்ந்தாச்சு என்று பூரித்துப்போய் நின்றார்!

அந்தச் சாப்பாட்டை நான் மறக்கவே மாட்டேன். நாலு பேரும் தலை நிமிரவில்லை. அவரவர் பக்கத்துச் சோற்றை மட்டும் குடைந்து குடைந்து, கடைசியில் சஹனின் குறுக்கே சோற்றால் ஒரு வரப்பு எழும்பிவிட்டது. வரப்பின்மேல் ஒரு நல்லி எலும்பு. இந்தப் பக்கத்து ஆளும் தொடவில்லை, அந்தப் பக்கத்து ஆளும் தொடவில்லை. எனக்கோ அது யாருக்குப் போகும் என்று உயிர் போகிறது.

எலும்பு யாருக்கும் போகவில்லை. செந்தாடிக்காரர் எழுந்து, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி, வாப்பாவைத் தனியே வாசலுக்கு அழைத்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் கெட்டவர் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. மெதுவாகத்தான் பேசினார். இப்படி வெளியூரிலிருந்து வந்த, பயிற்சி சரியில்லாத ஒருவன் லைனைச் சோதிக்காமல் விட்டதால் தன் நண்பனுக்குக் கை போன கதையைச் சொன்னார், சொல்லும்போது கண் கலங்கியது. இவர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள், குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், இது நியாயமா என்று கேட்டார். ஏறக்குறைய இதே பேச்சை வாப்பா ஒருநாள் சமையலறையில் உம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அவர் ஆபீஸில் லன்ச் மேஜையில் யாரோ அவர் காது படவே சொன்னதாம். ஆனால் அதை நான் தமிழில் கேட்டிருந்தேன், இது இங்கிலீஷ். இரண்டும் ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்?

மின்சாரக் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். தெருக்காரர்கள் எல்லோரும் குடையோடு கூடிவிட்டார்கள். உள்ளூர் ஆட்களே செய்யட்டும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். யாருக்கும் யூனியன்மேல் காதல் இல்லை, கரண்ட் வந்தால் போதும். சூப்பர்வைசர் வாப்பாவிடம் திரும்பினார். கம்பம் உங்கள் தோட்டத்தில் இருக்கிறது, உள்ளூர் ஆட்கள்தான் வேண்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதை வைத்து டெக்சாஸ்காரர்களை வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். அனுப்பினால் சாயங்காலத்துக்குள் கரண்ட் என்று செந்தாடிக்காரர் கையடித்துச் சொன்னார்.

வாப்பா வாயைத் திறந்தார். மூடினார். வெள்ளை லாரிப் பக்கம் பார்த்தார். அங்கே ஒல்லி மனிதர் உம்மா கொடுத்தனுப்பிய டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். வாப்பா மறுபடி வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு பேர் முன்னால் வாப்பாவுக்கு இங்கிலீஷ் மறந்துபோய்விட்டதே! அவர் சட்டையை இழுத்து, அந்த வாக்கியத்தைக் காதில் சொல்லிக்கொடுத்தேன். "வீ வான்ட் லோக்கல் பீப்பிள்", அவ்வளவுதான் வாப்பா, சின்ன வாக்கியம்தான்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "அது எனக்கு வராதும்மா" என்றார். பிறகு சூப்பர்வைசரிடம், என் வீட்டில் சாப்பிட்டவர்களைப் போகச் சொல்ல என்னால் முடியாது என்றார்.

இரண்டு பக்கமும் இடிந்துபோய் நின்றது. சூப்பர்வைசர் யாருக்கோ போன் போட்டார், அவர் இன்னொருவருக்குப் போட்டார், வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி குடையை மடக்கிக்கொண்டு போனார். வாப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சான்டா கிளாராவில் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் காரில் பறந்தார். ஃப்ரீவேயில் மரம் விழுந்து கார்கள் நகரவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய இடத்தில் வேறொருவர் வேலையை முடித்திருந்தார். கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. சில வாரங்களில் வேறொரு கான்ட்ராக்ட் கிடைத்து நியூ ஜெர்சிக்குப் போனோம்.

என் பள்ளிக்கூடமும் தோழிகளும் போனதற்கு ஒரே காரணம் வாப்பாவின் இங்கிலீஷ்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவர் வருடக்கணக்கில் ஆபீஸில் இங்கிலீஷிலேயே குப்பை கொட்டியவர் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. புது வீட்டில் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை எதிரே உட்கார வைத்துப் பாடம் எடுப்பேன். நான் சொல்லச் சொல்ல வாப்பா நல்ல பிள்ளையாகத் திருப்பிச் சொல்வார். அந்த ஒரு வாக்கியம் வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். அவருக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது போல என்று நினைத்து, மறுநாள் பாடத்தை அதிலிருந்தே ஆரம்பிப்பேன்.