கலைவாணன் கேட்ட இடது கால்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் கலைவாணனுக்குப் பொம்மைக்காரன் என்று பெயர். வைத்தது நான்தான். உழவர்கரையில் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் சேதராப்பட்டுக்குப் போய், ஒரே கேன்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் நாங்கள். அந்த உரிமையில் வைத்தேன். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "பொம்ம இல்லண்ணே, ரோபோ" என்று திருத்தியதோடு சரி. எனக்குத்தான் எரிச்சல் வரும். நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தன் சம்பளம் வந்ததும் விளையாட்டுச் சாமான் தேடிக்கொண்டு அலைந்தால் பார்க்கிறவனுக்கு வராமல் என்ன செய்யும்?

எங்களுடையது பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. மெஷினில் அச்சை ஏற்றி, மூடி சரியாக விழும்வரை பக்கத்திலேயே நிற்பது கலைவாணனின் வேலை. பகலெல்லாம் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் மறுபடியும் பிளாஸ்டிக்கையே தடவிக்கொண்டிருப்பான். அவன் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இருப்பவை எல்லாம் ஜப்பான்காரர்களின் பழைய கார்ட்டூன் தொடர் ஒன்றில் வரும் ரோபோக்கள். தொடரில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள், ஆபத்து என்றால் மடங்கி விரிந்து மனித உருவில் எழுந்து நிற்குமாம். பொம்மைகளும் அப்படித்தான். லாரியின் கதவைத் திருப்பினால் கை வரும், பின்பக்கத்தை இழுத்தால் கால் வரும், தலை எங்கேயோ உள்ளே பதுங்கியிருக்கும். ஒருமுறை என் கையில் ஒரு ரயிலைக் கொடுத்து மாற்றச் சொன்னான். பாதி ரயில் பாதி ஆள் என்ற நிலையில் அது சிக்கிக்கொண்டது. பயந்துபோய் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்தப் பைத்தியம் அவனுக்குப் பிடித்தது காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. பிரான்சில் குடியேறிய குடும்பம் ஒன்று இங்கே இருந்த வீட்டைக் காலி செய்தபோது வெளியே தள்ளிய சாமான்களோடு ஒரு அட்டைப்பெட்டியும் கடைக்கு வந்திருந்தது. உள்ளே ஐந்து வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய ரோபோ ஆகிற செட். ஆசையாக வாங்கி வந்து பிரித்துப் பார்த்தால் நான்குதான் இருந்தன. இடது காலாக வேண்டிய மஞ்சள் பஸ் மட்டும் இல்லை. அன்று தொடங்கிய தேடல்தான். மற்ற ரோபோக்கள் எல்லாம் அந்தப் பஸ்ஸைத் தேடிய வழியில் கிடைத்தவை. விற்கிறவர்கள் முழு செட்டாகத்தான் விற்பார்களாம், ஒற்றைக் காலை யாரும் கழற்றித் தர மாட்டார்களாம். பெரிய ரோபோ வருஷக்கணக்காக ஒரு தைல டப்பாவின் மேல் சாய்ந்து நின்றது.

அவன் மனைவி சுமலதா நல்ல பெண். வாய் கொஞ்சம் நீளம். "எனக்கு ஒரு தோடு தேடுங்கன்னா தேட மாட்டாரு, அதுக்குக் கால் தேடறாரு" என்பாள். அலமாரியை மட்டும் அவள் தொட்டதில்லை. அவன் ஒவ்வொன்றாக மடக்கித் துடைக்கும்போது எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு பார்ப்பதோடு சரி.

அவர்களுக்குள் ஒரே தகராறு ஆயுத பூஜைக்கு வரும். சுமலதா அன்றைக்கு வீட்டில் எதையும் விட்டுவைக்க மாட்டாள். பைக், தையல் மெஷின், கிரைண்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. சக்கரம் இருந்தால் பொட்டு கட்டாயம். இவனுக்கோ பழைய பிளாஸ்டிக்கில் குங்குமம் ஊறிவிடும் என்ற பயம். அதனால் முதல் நாள் ராத்திரியே அத்தனை வண்டிகளையும் மனித உருவுக்கு மாற்றி நிறுத்திவிடுவான். "வண்டிக்குத்தான் பொட்டு. இதுங்க இப்ப ஆளுங்க" என்பான். அவளும் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

போன வருஷம் அவனுக்கு நல்ல காலம் பிறந்தது போலிருந்தது. ரோபோ சேர்ப்பவர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசும் இடத்தில் ஆந்தனி என்பவர் பழக்கமானார். நம்மூர் சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் அங்கேயே வளர்ந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கார்ட்டூனைப் பார்த்தவர். அவரிடம் மஞ்சள் பஸ் இருந்தது. அவர் சின்ன வயதில் தொலைத்தது போலவே ஒரு வெள்ளை ரயில் கலைவாணனிடம் இருந்தது. மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. கல்லறைத் திருநாளுக்குப் பெற்றோர் கல்லறையில் பூ வைக்க வரும்போது நேரில் வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, ரயிலில் கீறலோ கறையோ இருக்கக் கூடாது. கலைவாணன் பஸ்ஸில் என் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னான். எனக்கே அந்தக் கால் வந்து சேர்ந்தால் தேவலை என்றாகிவிட்டது.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் பூசணிக்காய் உடைத்து, பொரி பொட்டலத்தோடு மதியம் திரும்பினோம். அவன் வீட்டில் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் நாள் அவன் ஆட்களாக நிறுத்திவைத்த அத்தனை ரோபோக்களும் வண்டிகளாக மாறி அலமாரியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். முன்வரிசையில் வெள்ளை ரயில். அதற்குப் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

சுமலதா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். "ஆந்தனி சார் வர்றாரில்ல? கால் நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிக்கினேன். வண்டியா இருந்தாத்தான பொட்டு வெக்க முடியும்? அதான் காலையிலருந்து ஒக்காந்து எல்லாத்தயும் மடக்கிட்டேன்."

"எல்லாத்தயும் நீயேவா மடக்கின?" என்றான் கலைவாணன்.

"இத்தினி வருசமா எதுருல ஒக்காந்து பாக்குறேன், தெரியாதா?"

அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு மூட்டு உடையவில்லை, ஒரு பின் வளையவில்லை. "சூப்பர் சுமா" என்று மட்டும் சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பொட்டைத் துடைத்தபோது மற்றவை தப்பித்தன. வெள்ளை ரயிலில், இரண்டு விளக்குகளுக்கும் நடுவில், ரோஜா நிறத்தில் ஒரு வட்டம் தங்கிவிட்டது. தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னேன். குழந்தை முகத்தில் ஆசிட் ஊற்றச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். சுமலதா தூங்கிய பிறகு சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து நாள்தோறும் ஒற்றி எடுத்தான். வட்டம் வெளுத்ததே தவிர, போகவில்லை.

"ஆந்தனிக்குப் போன்லயே சொல்லிடுடா" என்றேன்.

"சொன்னா வரவே மாட்டாருண்ணே. நேர்ல பாத்தா ஒருவேளை மனசு மாறும். மறைக்கவெல்லாம் மாட்டேன், நானே காட்டிடுவேன். சுமா இல்லாத நேரமாப் பாத்துக் காட்டணும், அவ்ளோதான். அவளால போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. நீங்களும் கூட இருங்கண்ணே."

ஆந்தனி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். தலை நரைத்திருந்தது, சட்டை மடிப்புக் கலையவில்லை. "போன்ழூர் மதாம்" என்று சுமலதாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பையிலிருந்து மஞ்சள் பஸ்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். கலைவாணன் அதைக் கையில் எடுத்து, காலாக மடக்கி, பெரிய ரோபோவில் பொருத்தினான். கடக்கென்று பிடித்துக்கொண்டது. அலமாரிக்கு வெளியே, மேஜையின் நடுவில், ரோபோ சொந்தக் காலில் நின்றது. அவன் கண் கலங்கிவிட்டது. சுமலதா கையைத் தட்டினாள். அவளைக் காபி போட அனுப்ப அவன் இரண்டு முறை முயன்றான். அவள் ஏற்கெனவே போட்டு எடுத்து வந்திருந்தாள், நகர்வதாக இல்லை.

ஆந்தனி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, என்னோட ரயில எடுங்க. வெளிச்சத்துல பாக்கணும்."

"பாருங்க சார்" என்றாள் சுமலதா. "ஆயுத பூஜைக்கு நாந்தான் அதுக்குப் பொட்டு வெச்சுக் கும்புட்டேன். அதான் எல்லாம் கூடி வந்திருக்கு."

ஆந்தனியின் புருவம் ஏறியது. "பொட்டா? ரயில் மேலயா?"

அலமாரிக் கதவில் கைவைத்திருந்த கலைவாணன் திரும்பினான். "முசியே, மன்னிச்சுக்குங்க. நான் ரயிலக் குடுக்கிறதா இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"மனசு வரல. முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்பு எம்மேலதான்."

சொல்லிக்கொண்டே ரோபோவின் இடது காலைக் கழற்றி, மறுபடி பஸ்ஸாக மடக்கி, துணியில் சுற்றி அவரிடம் நீட்டினான். ஆந்தனிக்கு முகம் சிவந்துவிட்டது. "இதுக்காடா நான் அத்தன தூரம் பத்திரமா எடுத்து வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

சுமலதா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "வூட்டுக்கு வந்த மனுசன இப்படியா அனுப்புவாங்க? வருசக்கணக்கா கால் காலுன்னு உசுர வாங்கிட்டு, கைக்கு வந்தத யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? நான் வேண்டிக்கினது எல்லாம் வீணா?"

"வீணில்ல சுமா. அந்த ரயில விட மனசு வரல, அவ்ளோதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கலைவாணன் என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன். அவ்வளவு நாள் தேடியதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒருவன் திருப்பிக் கொடுத்தான், பெண்டாட்டி ஆசையாக வைத்த பொட்டை இன்னொருத்தர் கறை என்று அவள் காதுபடச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அவளிடம் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்களாச்சும் கேளுங்கண்ணா" என்று சுமலதா என் பக்கம் திரும்பினாள். "இந்த மனுசனுக்கு அப்படி என்னதான் வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாமாம்மா" என்றேன். "நீ கொஞ்சம் திட்டாம இருந்தாப் போதுமாம்."