எண்ணெய் படாத பக்கங்கள்

வெள்ளியங்கிரியை ஊரே நிமிர்ந்துதான் பார்க்கும். அவர் அப்படியொன்றும் உயரமானவரில்லை. கோபியிலிருந்து அந்தியூர் போகிற சாலையோரம், வாய்க்கால் தண்ணீரில் செழிக்கும் அந்த ஊரில் தென்னை ஏறித் தேங்காய் போடுவது அவர் தொழில். பாதி நாள் அவர் பேச்சு மேலேயிருந்துதான் வரும். "ஏனுங்ணா, கீழ நிக்காதீங்க, காய் உழுகுது" என்பார். நின்றவர் நகர்ந்த பிறகுதான் அரிவாள் பேசும்.

அப்பேர்ப்பட்டவர் போன ஆடிக் காற்றில் லட்சுமணசாமியின் தோப்பில் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். அதன்பின் வாரா வாரம் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் சைத்ரா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"எலும்பு நல்லா சேந்துருச்சுங்க. இனி நடக்கறது உங்க கையிலதான். தெருவுல இறங்கி நல்லா நடக்கோணும். தை பொறக்கறதுக்குள்ள நடக்கலீன்னா மூட்டு இறுகிப்போயிருமுங்க. அப்புறம் கட்டிலே கதி."

கட்டிலருகே நான்கு கால் வாக்கர் ஒன்று வந்து நின்றது. வெள்ளியங்கிரி அதைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை போவார், திரும்பிவிடுவார். படியைத் தாண்டச் சொன்னால் முகம் கறுத்துவிடும்.

"மரத்து உச்சில நின்னவன், ஊரு பாக்க நாலு கால்ல போறதா? எனக்கு வேண்டாம்" என்பார்.

பார்க்க வந்தவர்களுக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த முதுகுதான் கிடைத்தது. நாளடைவில் வருகிறவர்களும் நின்றுபோனார்கள். மானம் பெரிதுதான், யார் இல்லை என்றது? ஆனால் காலைக் கட்டிப்போட அதைவிட உறுதியான கயிறு உலகத்தில் கிடையாது.

அவர் மனைவி மாரியாத்தாள் பஸ் நிறுத்தத்தில் சாயங்காலம் போண்டா, பஜ்ஜிக் கடை போடுகிறவள். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றதே தவிர வாசிப்பு நிற்கவில்லை. பலகாரம் கட்டிக் கொடுக்க மைதீன் பிச்சையின் பழைய பேப்பர் கடையில் கிலோக்கணக்கில் காகிதம் வாங்குவாள். செய்தித்தாளில் கட்டக்கூடாதென்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள், பழைய புத்தகக் காகிதத்துக்கு மாறிக்கொண்டாள். அதிலும் கட்டக்கூடாதென்று இதுவரை யாரும் சொல்லவில்லை. எந்தத் தாளானாலும் ஒருமுறை கண்ணை ஓட்டாமல் பலகாரத்தை வைக்க மாட்டாள். ஒரு தாளில் கொலை நடந்திருக்கும், கொன்றது யாரென்பது அடுத்த தாளில் இருக்கும். அடுத்த தாள் வெங்காய போண்டாவோடு பஸ் ஏறிப் போயிருக்கும். அவள் ஆயுசுக்கும் படித்ததெல்லாம் அப்படித் தலையில்லாத, வாலில்லாத கதைகள்தான்.

ஐப்பசியில் வந்த காகிதக் கட்டுக்குள் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அட்டையும் இல்லை, பெயர் போட்ட முன்தாள்களும் இல்லை. உள்ளே பழைய காலத்து வெளிநாட்டு விஞ்ஞானக் கதைகள், நல்ல தமிழில். மாரியாத்தாள் புரட்டிப் பார்த்தாள். முதல் கதையின் தொடக்கம் இருந்தது, கடைசிக் கதையின் முடிவும் இருந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு முழுப் புத்தகம் கைக்கு வந்திருக்கிறது. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதை வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கடைக்குக் கிளம்பும் வரை புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். ஒரே ஒரு நிபந்தனை. அவர் வீட்டுக்குள்ளாவது நடந்துகொண்டே கேட்க வேண்டும். கட்டிலில் சாய்ந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். முதலில் முறைத்தார். பிறகு கதை பிடித்துக்கொண்டது, முறைப்பை மறந்துவிட்டார்.

நட்சத்திரத்திலிருந்து வந்து இறங்கியவர்களைப் பூமிக்காரர்கள் துப்பாக்கியால் சுட்ட கதைக்கு அவருக்கு அப்படியொரு கோபம் வந்தது.

"ஏம்புள்ள, அத்தன தூரத்துல இருந்து வந்துருக்காங்க. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாம சுடறதா? என்ன மனுசங்க! ஒரு சொம்புத் தண்ணி குடுத்துட்டு அப்புறம் என்னவோ செஞ்சுக்க."

இன்னொரு கதையில் வானத்தில் மிதக்கும் ஒரு ஊர். அங்கே கை தவறினாலும் யாரும் கீழே விழுவதில்லை, நின்ற இடத்திலேயே மிதப்பார்கள். அதைக் கேட்டதும் வாக்கரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். "உழுந்தாலும் கீழ வரமாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். மாரியாத்தாள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரமாட்டாங்களாமுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

கதை கேட்டுக் கேட்டே கூடத்தில் உரமேறியது கால். வாசற்படி மட்டும் தாண்டாத படியாகவே இருந்தது. மார்கழியும் பிறந்துவிட்டது.

கடைசிக் கதைக்கு வந்தார்கள். ஆளில்லாத ஒரு கிரகம், அங்கே ஓர் இயந்திர மனிதன் மட்டும் காவல். திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் கப்பலுக்கு வழி தெரிவதற்காக, உயரமான கோபுரத்தின் மேல் விளக்கு அணையாமல் எரிய வேண்டும். எத்தனையோ வருடம் கழித்துக் கப்பல் நெருங்குகிறது. அந்த நேரம் பார்த்துப் புயலில் விளக்கு அணைகிறது. ஏணி பிய்த்துக்கொண்டு போகிறது. இயந்திர மனிதன் வெறும் கோபுரத்தைப் பற்றி ஏறத் தொடங்குகிறான்.

"கால்ல கயிறு மாட்டியிருக்கறானா பாரு" என்றார் வெள்ளியங்கிரி, தொழில் தெரிந்தவராக.

"போடலீங்க. வெறுங்கையிலதான் ஏறறான். பாதிக்கு வந்துட்டான்."

"கீழ பாக்கக்கூடாது. கீழ மட்டும் பாத்துறக்கூடாது! படி, படி."

மாரியாத்தாள் தாளைத் திருப்பினாள். நின்றுவிட்டாள்.

"இல்லீங்க."

"என்ன இல்ல?"

"மிச்சம் இல்லீங்க. நேத்து சந்தக் கூட்டத்துல காயிதம் தீந்துபோச்சு. அவசரத்துக்கு இதோட கடேசித் தாளுகளக் கிழிச்சு போண்டா கட்டிக் குடுத்துப்போட்டேன்."

வெள்ளியங்கிரி போட்ட சத்தத்தில் ஓட்டுமேல் இருந்த புறா பறந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டே கணக்குச் சொன்னாள். ஒன்று பங்காரம்மாக்கா வீட்டுக்கு, ஒன்று மைதீன் பாய் கடைக்கு, ஒன்று லட்சுமணசாமி அண்ணன் வீட்டுக்கு.

"போயி வாங்கியா!"

"மாவு கரைச்சு வெச்சுருக்குதுங்க. நானு கடை தெறக்கோணும். போச்சாது, உடுங்க. கதைதானுங்களே" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

கதைதான். ஆனால் தேங்காய் போடுகிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் பாதி மரத்தில் நிற்கும்போது கீழே இருப்பவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. தாகமானாலும், மழையானாலும், மேலே போனவன் இறங்கும் வரை நிற்க வேண்டும். வெள்ளியங்கிரி வாலிபத்தில் கீழாளாக நின்று பழகியவர். இப்போது எங்கோ ஒரு கோபுரத்தில் பாதி உயரத்தில் ஒருவன் தொங்குகிறான், தான் மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். "அட, இதென்ன ரோதனை!" என்று வாக்கரை இழுத்தார். வாசற்படியை எப்போது தாண்டினோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

நாலு வீடு தள்ளிப் பங்காரம்மா தன் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் வாய் திறப்பதற்குள், "ஏனுங்க்கா, நேத்து போண்டா கட்டின காயிதம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவள் உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தார். இயந்திர மனிதனின் ஒரு கை நழுவியிருந்தது.

மைதீன் பிச்சையின் கடை அடுத்த வீதியில். வழியில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஏனுங்க, எப்ப எழுந்தீங்க, நல்லா இருக்கறீங்களா என்றார்கள். நல்லா இருக்கறனுங்க, வாரனுங்க என்று சொல்லிக்கொண்டே போனார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்படிச் சிரித்திருந்தாலும் நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை. மைதீன் பிச்சை தாளைக் கல்லாப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நழுவிய கை மறுபடி பற்றிக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி பெருமூச்சு விட்டார்.

இனி லட்சுமணசாமியின் வீடு. வெள்ளியங்கிரி விழுந்த தோப்பின் சொந்தக்காரர். விழுந்த அன்று அள்ளித் தூக்கியவரும் அவர்தான். அதற்குப் பிறகு இருவரும் முகம் பார்க்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பக்கம் திரும்பியே இருக்க மாட்டார்.

லட்சுமணசாமி கேட்டருகே காத்திருந்த மாதிரி நின்றார். சலவை வேட்டி, தும்பைப்பூச் சட்டை. சட்டைப் பையில் கைவிட்டுத் தாளை எடுத்து நீட்டினார்.

"என்ற தோப்புல உழுந்தீங்க. உங்க மூஞ்சில முழிக்க எனக்குத் தகிரியமில்லாமப் போச்சுங்க" என்றார்.

"காத்து தள்ளுச்சுங்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் வெள்ளியங்கிரி. இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த கல்லை இரண்டு வார்த்தையில் இருவரும் இறக்கி வைத்தார்கள்.

தாளைப் பிரித்த வெள்ளியங்கிரி லட்சுமணசாமியின் சட்டைப் பையைப் பார்த்தார். போண்டா கட்டின காகிதத்தை எவனாவது வெள்ளைச் சட்டைப் பையில் வைப்பானா? மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. லட்சுமணசாமி தரையைப் பார்த்தார். ஆஞ்சியோ செய்த நாளிலிருந்து அவர் எண்ணெய்ப் பலகாரம் தொடுவதே இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

வெள்ளியங்கிரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. அவள் ஆயுளில் முழுசாகக் கிடைத்த ஒரே புத்தகம். அவரைத் தெருவில் இறக்க அதைத் தன் கையாலேயே கிழித்திருக்கிறாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நின்றது. வாக்கர் வரும் சத்தம் கேட்டதும் தானாக வழி விட்டது. மாரியாத்தாள் ஜல்லிக் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் தெருவில், வெயிலில், எல்லார் முன்னாலும் நிற்கிறார். அவள் கண் நிறைந்தது.

"கடேசித் தாளு உன்றகிட்டத்தான இருக்குது?" என்றார்.

மடியிலிருந்து எடுத்தாள்.

"இங்கயே படி."

"போண்டா கருகுமுங்க."

"கருகட்டும்."

படித்தாள். உச்சிக்குப் போய்விட்டான். விளக்கு எரிந்தது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு கப்பல் இறங்கியது. கதவு திறந்து முதலில் இறங்கியவர் அவனைத்தான் தேடினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கை தட்டினார்கள். போண்டா கரியாகிப்போனதை யாரும் கேட்கவில்லை. மாரியாத்தாள் கடைசி வரியை இன்னொருமுறை தனக்குள்ளேயே படித்துக்கொண்டாள். அவள் முடித்த முதல் புத்தகம்.

வெள்ளியங்கிரி மூன்று தாள்களையும் அவள் கையில் வைத்தார்.

"பாதி மரத்துல நின்னது நானுதான். நீ எடத்த உட்டு நகராம கீழயே நின்ன" என்றார். பொட்டலம் ஒட்ட வைத்திருந்த மைதா பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒட்டி வெய்யி. இனிமேலு கிழிக்காத புள்ள. கிழிக்காமயே நடக்கறேன்."